ரீட் மட்டும்தானே, லாக் எதற்கு?

பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) உள்ள சி கோடில் இந்த மாதம் இது மூன்றாவது. “எப்பவாவது கிராஷ் ஆகுது சார், ஒரு பிரிண்ட்எஃப் போட்டேன், சரியாயிடுச்சு” என்று ஒரு பேட்ச் (கோடுத் திருத்தம்) வந்திருக்கிறது. சரியாகவில்லை தம்பி, ஒளிந்துகொண்டிருக்கிறது. பிரிண்ட்எஃப் எழுதுகிற ஸ்டட்அவுட்டுக்குள்ளேயே ஒரு லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) உண்டு. உங்கள் இரண்டு த்ரெட்களும் இப்போது தற்செயலாக அங்கே வரிசையில் நிற்கின்றன, அவ்வளவுதான்.

கோடைத் திறந்தால் வழக்கமான கதை. ஒரு த்ரெட் ஒழுங்காக லாக் எடுத்து, அரே நிரம்பியதும் ரீஅலாக் செய்து (நினைவிடத்தைப் பெரிதாக்கி), அதன் முகவரியை வைத்திருக்கும் பாயிண்டரை மாற்றி, லாக்கை விடுகிறது. இன்னொரு த்ரெட் அதே அரேயைச் சுற்றி வந்து கூட்டுத்தொகை எடுக்கிறது, லாக் இல்லாமல். கேட்டால், “அது ரீட் மட்டும்தானே சார்.” பல நேரம் ரீஅலாக் இருந்த இடத்திலேயே நீட்டிக் கொடுத்துவிடும், ஒன்றும் ஆகாது. என்றைக்காவது வேறு இடத்துக்கு நகர்த்தும்போது, படிக்கிற த்ரெட் கையில் இருப்பது விடுவிக்கப்பட்ட பழைய முகவரி. நான்கு நாளுக்கு ஒரு கோர் டம்ப் (கிராஷ் ஆன நேரத்து நினைவகப் பதிவு) வந்ததற்குக் காரணம் இதுதான்.

எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம் இது: மியூடெக்ஸ், அதாவது நாம் எடுக்கிற இந்த லாக், எந்த டேட்டாவையும் பூட்டுவதில்லை. எந்த மியூடெக்ஸ் எந்த வேரியபிளுக்கு என்பது சி மொழிக்குத் தெரியாது. அது அந்த டேட்டாவைத் தொடுகிற அத்தனை பேரும் செய்துகொண்ட ஒப்பந்தம். ஒருவர் மீறினாலும், மற்ற ஒன்பது பேர் எடுத்த லாக் வீண். எழுதுகிறவர் மட்டும் லாக் எடுப்பது, முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவது மாதிரி. வேரியபிளை அறிவிக்கும் வரியிலேயே ‘இதைத் தொட இந்த லாக் வேண்டும்’ என்று ஒரு கமெண்ட் எழுதிவையுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

“ஒரே ஒரு இன்ட் சார், அதுக்குமா?” அதற்கும்தான். ஒருவர் எழுதும்போது இன்னொருவர் ஒத்திசைவில்லாமல் படித்தால் நடத்தை வரையறுக்கப்படாதது என்று சி11 தரமே சொல்கிறது. ‘முடிந்தது’ என்று ஒரு கொடி வைத்து வைல் லூப்பில் காத்திருந்தால், கோடை வேகமாக்கச் சொல்லும் ஓ2 கொடுத்தவுடன் கம்பைலர் அதை ஒரே ஒரு முறை படித்துவிட்டு, அப்புறம் திரும்பிப் பார்க்காமலே சுற்றலாம். டீபக் பில்டில் ஓடும், ரிலீஸில் தொங்கும். வேரியபிளுக்கு முன்னால் வொலட்டைல் என்று போடுவது இதற்கு மருந்தல்ல, அது ஹார்டுவேர் ரெஜிஸ்டர் மாதிரியான இடங்களுக்கு. ஒற்றைக் கொடிதான் என்றால், த்ரெட்களுக்கு இடையே பாதுகாப்பாகப் படிக்கவும் எழுதவும் அட்டாமிக் வகை இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

“பல வருஷமா ஓடுற கோடு” என்பதும் பதில் ஆகாது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. மின்கம்பி மரத்தில் உரசியது உட்பட காரணங்கள் பல. ஆனால் கட்டுப்பாட்டு அறையின் அலாரம் மென்பொருள் ஒரு ரேஸ் கண்டிஷனால் (யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விளைவு மாறும் இதே வகைப் பிழை) முடங்கிப்போய், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அங்கிருந்தவர்களுக்கு நிலைமையே தெரியவில்லை. அதுவும் அதுவரை ஓடிக்கொண்டிருந்த மென்பொருள்தான்.

அடுத்து, தொங்கிப்போன பிராசஸ். தயவுசெய்து அதை உடனே கில் செய்யாதீர்கள்! சாட்சியைக் கொன்றுவிட்டு என்னிடம் பதிவுக் கோப்பை அனுப்பி என்ன பயன்? ஜிடிபி டீபகரை அந்த பிராசஸோடு இணைத்து, ‘த்ரெட் அப்ளை ஆல் பிடி’ என்று அடியுங்கள், ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்று காட்டும். லாக் வெயிட்டில் நிற்கிற த்ரெட்களைப் பிடித்து, அவை காத்திருக்கிற மியூடெக்ஸை பிரிண்ட் செய்யுங்கள். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் அதற்குள் ஓனர் என்று ஒரு ஃபீல்டு இருக்கும். அந்த எண்ணை ‘இன்ஃபோ த்ரெட்ஸ்’ காட்டும் எல்டபிள்யூபி எண்ணோடு (த்ரெட்டின் அடையாள எண்) ஒப்பிடுங்கள். ஓனர் அந்த த்ரெட்டேதான் என்றால், எடுத்த லாக்கையே மறுபடி எடுக்கிறீர்கள். ஒருவரை ஒருவர் காட்டினால் லாக் எடுக்கும் வரிசை இரண்டு இடத்தில் மாறியிருக்கிறது. ஓனர் எங்கோ சம்பந்தமில்லாமல் எபோலில் (நெட்வொர்க் போன்ற உள்ளீட்டுக்குக் காத்திருக்கும் இடம்) உட்கார்ந்திருந்தால், ஏதோ ஒரு எரர் பாதையில் அன்லாக் செய்யாமல் ரிட்டர்ன் ஆகியிருக்கிறது. நான் பார்த்தவரை இதுதான் அதிகம். ஃபங்ஷனிலிருந்து வெளியேற ஒரே வாசல் வையுங்கள், அன்லாக் அங்கே இருக்கட்டும், கோட்டூ போட்டாலும் பரவாயில்லை, நான் திட்டமாட்டேன்.

ரேஸைத் தேட, கம்பைலரோடு வரும் த்ரெட் சானிட்டைசர் என்ற கருவியைப் போடுங்கள். ஐந்து முதல் பதினைந்து மடங்கு மெதுவாகும், ஆகட்டும். மோதுகிற இரண்டு இடங்களின் ஸ்டாக்கையும் (எந்த ஃபங்ஷன் வழியாக அங்கே வந்தது என்ற பட்டியல்) எடுத்துக் கொடுக்கும். ஆனால் ஓடிய பாதையைப் பற்றித்தான் பேசும். டெஸ்ட் தொடாத இடத்தில் அது மௌனம்.

மற்றவை சுருக்கமாக. பித்ரெட் லாக் ஃபங்ஷன் என்ன திருப்புகிறது என்று பாருங்கள். பிழை எண் அதில்தான் வரும், வழக்கமாகப் பிழை எண் வைக்கப்படும் எர்நோவில் அல்ல, அதனால் எர்நோவைப் பார்த்துச் செய்தி அச்சிடும் பிஎரர் சொல்வதை நம்பாதீர்கள். டீபக் பில்டில் மியூடெக்ஸ் வகையை எரர்செக் ஆக்குங்கள். மறுபடி லாக் எடுத்தாலும், எடுக்காத லாக்கை விட்டாலும் காட்டிக்கொடுக்கும். நிபந்தனை நிறைவேறக் காத்திருக்கும் கண்டிஷன் வெயிட்டை இஃப்பில் வைக்காதீர்கள், வைல்தான். லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் கொடுத்த ஃபங்ஷனை (கால்பேக்) கூப்பிடாதீர்கள். மியூடெக்ஸ் இருக்கிற ஸ்ட்ரக்டை காப்பி எடுக்காதீர்கள்.

பேட்ச்சைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பிரிண்ட்எஃப்பை எடு, படிக்கிற இடத்திலும் லாக் போடு என்று. உடனே பதில் வந்தது: “ஸ்லோ ஆகாதா சார்?” யாரும் மோதாத லாக் கர்னல் பக்கமே போகாது, ஓர் அட்டாமிக் இன்ஸ்ட்ரக்ஷனோடு முடிந்துவிடும். மோதுகிறதா இல்லையா என்று அளந்துகொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.