மொட்டைமாடியில் திசை தவறிய ட்ரோன்

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். திருமணங்களுக்குப் படம் எடுப்பது அவருடைய தொழில். மாப்பிள்ளை அழைப்பு தெருமுனைக்கு வந்துகொண்டிருந்தபோது, மண்டபத்தின் மொட்டைமாடியிலிருந்து தன் ட்ரோனைக் கிளப்பியிருக்கிறார். 900 கிராம் எடையுள்ள ட்ரோன். ஆளுயரத்துக்கு மேலே எழும்பி ஒரு நொடி நின்றது. பிறகு, ரிமோட்டில் அவர் விரலே படாதபோது, செக்குமாடு போல வட்டமடிக்கத் தொடங்கியது. சுற்றுக்குச் சுற்று வட்டம் பெரிதானது. பதறிப்போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பச் சொல்லும் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அது இன்னும் வேகமாக விலகிப்போய்ப் பக்கத்துத் தோப்பில் ஒரு தென்னை மட்டையில் மோதி விழுந்தது. நல்லவேளையாகக் கீழே யாரும் இல்லை.

"எலுமிச்சம்பழம் கட்டாமல் பறக்கவிட்டாய், திருஷ்டி பட்டுவிட்டது என்கிறார்கள். உண்மையில் என்ன நடந்திருக்கும்? இவ்வளவு சின்ன ட்ரோனுக்கும் உரிமம் வாங்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், ஆம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதல் கேள்விதான் என்னை இரண்டு நாள் விடாமல் பிடித்துக்கொண்டது. அவர் சொல்லும் அந்த விரியும் வட்டம் ஒரு கைரேகையைப் போன்றது. குற்றவாளி யார் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

ட்ரோன் எப்படி மிதக்கிறது என்பது பலருக்கும் தெரிந்த கதைதான். நான்கு விசிறிகள். எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு ஒரு பக்கமாகவும், மற்ற இரண்டு மறுபக்கமாகவும் சுழலும். முன்விசிறிகளின் வேகத்தைச் சற்றுக் குறைத்தால் மூக்கு தாழும், ட்ரோன் முன்னே போகும். சாய்வதையும் திரும்புவதையும் உணர ஜைரோ, உயரத்தை அளக்கக் காற்றழுத்தமானி, இடத்தை அறிய ஜி.பி.எஸ். பள்ளிப் பாடத்துக்கு இது போதும்.

ஆனால் அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்க இவை மட்டும் போதாது. நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு திடலின் நடுவே நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ஒருவர், "காற்று உங்களை ஒரு மீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது, மேற்கே வாருங்கள்" என்கிறார். அவர் சொல்வது துல்லியமான தகவல்தான். ஆனாலும் உங்களால் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. உங்கள் முகம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது தெரிந்தால்தானே மேற்கு வலப்பக்கமா, முதுகுப்பக்கமா என்று தெரியும்? தொலைபேசியில் பேசுகிறவர் ஜி.பி.எஸ். உங்கள் முகம் இருக்கும் திசையைச் சொல்ல வேண்டியது, ட்ரோனுக்குள் இருக்கும் மிகச் சிறிய திசைகாட்டிச் சில்லு.

அந்தத் திசைகாட்டி 90 டிகிரி தவறாகச் சொன்னால் என்ன ஆகும்? ஒரு தாளில் வரைந்து பாருங்கள், அழகாக இருக்கும். காற்று ட்ரோனைக் கிழக்கே தள்ளுகிறது. அது மேற்கே போவதாக நினைத்துக்கொண்டு வடக்கே போகிறது. இப்போது அது வடகிழக்கில் நிற்கிறது. தென்மேற்கே திரும்ப வேண்டும் என்று கணக்கிட்டு வடமேற்கே போகிறது. அங்கிருந்து தெற்கே வர நினைத்து மேற்கே போகிறது. இப்படியே கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று, தான் நிற்க வேண்டிய புள்ளியைச் சுற்றிச் சுற்றி வரும். பிழை சின்னதாக இருந்தால், 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், ட்ரோன் ஒரு சுழியாக வளைந்தாவது மையத்துக்கு வந்து சேர்ந்துவிடும். பிழை ஏற ஏறச் சுழி இறுகுவது நின்று வட்டமாகிறது. அதையும் தாண்டினால் வட்டம் வெளிப்பக்கமாக விரிகிறது. ட்ரோனுக்கு எடையும் வேகமும் இருப்பதால், திருத்தம் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் பலிக்கும். அதனால் 90 டிகிரியைத் தொடுவதற்கு முன்பே வட்டம் விரியத் தொடங்கிவிடும். வாசகர் பார்த்தது இதைத்தான். இயந்திரம் கெட்டுப்போகவில்லை. பொய்யான ஒரு திசையை நம்பி, முழு விசுவாசத்தோடு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

சரி, திசைகாட்டியை ஏமாற்றியது யார்? மொட்டைமாடிதான்.

தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் அலங்காரக் காந்தத்தை நெருங்கினாலே இதைவிட நூறு மடங்குக்கும் மேற்பட்ட புலம் இருக்கும். இவ்வளவு மெல்லிய ஒரு புலத்தைத்தான் ட்ரோன் நம்பியிருக்கிறது. கான்கிரீட் தளத்துக்குள்ளோ கம்பிகள் பின்னல் பின்னலாக ஓடுகின்றன. இரும்புக்கம்பி காலப்போக்கில் தானும் கொஞ்சம் காந்தமாகிவிடும். பக்கத்தில் இருக்கும் பூமிப்புலத்தையும் தன் பக்கம் வளைத்து இழுக்கும்.

கடிதம் வந்த மறுநாள் காலை, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே அந்தச் சின்னத் திசைகாட்டி, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு மாடிக்குப் போனேன். மார்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு நடந்தபோது முள் அசையவில்லை. தரையில் வைத்தபோது இடத்துக்கு இடம் மாறியது. பிற்காலத்தில் இன்னொரு மாடி எழுப்பலாம் என்று தூண்களின் கம்பிகளைத் துருப்பிடிக்க விட்டு வைத்திருப்போம் இல்லையா, அப்படி ஒரு தூணுக்கு அருகே தரையோடு தரையாக நகர்த்தினேன். முள் தயங்கியது, நடுங்கியது, பிறகு வடக்கை விட்டுவிட்டுக் கம்பியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது. ஒரு முழம் பின்னால் இழுத்தேன், மறுபடி வடக்கு. அந்த ஒரு முழத்துக்குள் ஒரு திசையே தொலைந்துபோய்த் திரும்பக் கிடைக்கிறது. நீங்களும் செய்து பாருங்கள், பத்து நிமிட வேலை.

இரும்பின் தாக்கம் தொலைவு கூடக்கூட மிக விரைவாகத் தேய்ந்துவிடும். சிறு காந்தமாக இருந்தால் தொலைவு இரட்டிக்கும்போது அதன் புலம் எட்டில் ஒரு பங்காகும். கோளாறு இங்கேதான் பிறக்கிறது. தரையில் இருக்கும்போது ட்ரோன் தன் திசையைத் தவறாகக் குறித்துக்கொள்கிறது. இரண்டு மீட்டர் எழும்பியதும் திசைகாட்டி சரியாகச் சொல்லத் தொடங்குகிறது. ஜைரோவோ, "நாம் திரும்பவே இல்லையே, பழைய திசைதான்" என்கிறது. யாரை நம்புவது என்ற குழப்பத்தில் கட்டுப்பாட்டுக் கணினி சில நொடிகள் தவிக்கும். விலை கூடிய ட்ரோன்களில் இரண்டு திசைகாட்டிகள் வைத்து ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். எச்சரிக்கையும் திரையில் வரும். கல்யாண அவசரத்தில் அதைத் தள்ளிவிட்டுக் கிளப்புகிறவர்கள்தான் அதிகம்.

இதைவிட ஆழமான தவறு ஒன்று உண்டு. எச்சரிக்கை வந்ததும், அந்த மாடியிலேயே நின்று திசைகாட்டியைச் சரிப்படுத்த முயல்வது. ட்ரோனைக் கையில் பிடித்து ஒரு முழுச் சுற்று திருப்பும்போது, திசைகாட்டி தரும் அளவுகளைத் தாளில் புள்ளிகளாகக் குறித்தால், அவை பூஜ்யத்தை மையமாகக் கொண்ட ஒரு வட்டமாக விழ வேண்டும். ட்ரோனுக்குள்ளேயே இருக்கும் மோட்டார் காந்தங்களும் திருகாணிகளும் அந்த வட்டத்தை ஒரு பக்கமாக நகர்த்திவிடும். எவ்வளவு நகர்ந்தது என்று கண்டுபிடித்து அதைக் கழித்துவிடுவதுதான் இந்தச் சடங்கின் பொருள். மோட்டார் ட்ரோனோடு சேர்ந்து சுற்றுகிறது, ஆகவே கழிப்பது சரி. காலடியில் இருக்கும் கம்பி சுற்றுவதில்லை. அதன் தாக்கத்தையும் சேர்த்து நினைவில் பதித்துக்கொண்டால், பிறகு எந்த வயல்வெளியில் பறந்தாலும் அந்தப் பொய் கூடவே பறக்கும்.

மொட்டைமாடி மட்டுமல்ல, திருமண வீட்டில் ட்ரோனை வைக்கும் மற்ற இடங்களும் அப்படித்தான். ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் வைப்பார்கள், உள்ளே பெரிய காந்தம் இருக்கிறது. கார் பானெட்டும் இரும்பு மேசையும் இதே கதைதான். மாடியை விட்டால் வேறு வழியில்லை என்றால் மர ஸ்டூலோ பிளாஸ்டிக் நாற்காலியோ போட்டு அதன்மேல் வையுங்கள். எழும்பியதும் மூன்று மீட்டரில் பத்து நொடி நிறுத்திப் பாருங்கள். வட்டமடிக்கும் சாயல் தெரிந்தால் உடனே இறக்குங்கள். திரும்பும் பொத்தானைத் தொடாதீர்கள். வீடு எந்தப் பக்கம் என்று தெரியாத ஒன்றிடம் வீட்டுக்கு ஓடு என்று சொல்வதுதான் அது. தென்னையில் மோதியதற்குக் காரணமும் அதுவே. இறங்கும் கட்டளை அப்படியல்ல. உயரத்தைச் சொல்வது காற்றழுத்தமானி, அதற்கு வடக்கும் தெற்கும் தெரிய வேண்டியதில்லை.

திருஷ்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எலுமிச்சம்பழத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டால் ட்ரோனின் எடைமையம் ஆடும். நூல் விசிறியில் சுற்றினால் அந்த விசிறி அந்த இடத்திலேயே நின்றுவிடும், ட்ரோன் தலைகுப்புற விழும். ஆனால் என் கவலை நூலைப் பற்றி அல்ல. திருஷ்டி என்று சொல்லிவிட்டால் விசாரணை அத்தோடு முடிந்துவிடுகிறது. அதே மாடியில் அடுத்த முகூர்த்தத்துக்கு வேறொருவர் கிளப்புவார். அப்போது கீழே பந்தலில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கலாம்.

இனி விதிகள். இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பவை 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள். எடை 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது. நானோ ட்ரோனுக்கும், பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் மைக்ரோ ட்ரோனுக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு படம் எடுப்பது தொழில். ஆகவே நம் வாசகருக்குச் சான்றிதழ் வேண்டும். 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பயின்றவர்களுக்கு அது கிடைக்கும். ட்ரோனுக்குப் பதிவு எண்ணும், நானோவைத் தாண்டினால் மூன்றாம் தரப்புக் காப்பீடும் வேண்டும். மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். எங்கே பறக்கலாம் என்பதை டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் பச்சை (அனுமதி வேண்டாம்), மஞ்சள் (அனுமதி கேட்க வேண்டும்), சிவப்பு (பொதுவாகத் தடை) என்று பிரித்திருக்கிறார்கள். தலைவர்கள் வருகை, திருவிழா போன்ற காரணங்களுக்காக ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கவும் முடியும். ஆகவே போன மாதம் பார்த்தேன் என்பது போதாது, பறக்கும் அன்று பார்க்க வேண்டும்.

இந்த எண்களை அதிகாரிகள் மனம்போல் எழுதியதாக நினைப்பவர்கள் உண்டு. இறங்கும் விமானம் பொதுவாக 3 டிகிரி சரிவில் வருகிறது. ஓடுபாதை தொடங்க 5 கிலோமீட்டர் இருக்கும்போது அதன் உயரம் சுமார் 260 மீட்டர்தான், 8 கிலோமீட்டரில் சுமார் 420 மீட்டர். விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் சிவப்பு, 8 வரை தரையிலிருந்தே மஞ்சள், 8 முதல் 12 வரை 60 மீட்டர் உயரம் பச்சை, அதற்கு வெளியே 120 மீட்டர் என்று படிப்படியாகத் தளர்த்தியிருப்பதை இந்தச் சரிவோடு ஒட்டிப் பார்த்தால் புரியும். 250 கிராமுக்கும் ஒரு கணக்கு உண்டு. 2015இல் அமெரிக்க விமானத் துறை அமைத்த குழு, அந்த எடை வானிலிருந்து விழும்போது நொடிக்குச் சுமார் 25 மீட்டர் வேகம் எட்டும் என்று கொண்டு, தலையில் இறங்கும் ஆற்றலை ஏறக்குறைய 80 ஜூல் என்று கணக்கிட்டது. அதே வேகத்தில் விழும் 900 கிராம் ட்ரோன் 280 ஜூலைக் கொண்டுவரும்.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயின்போது, சான்டா மோனிகாவில் ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தின் உச்சித் தளத்திலிருந்து ஒருவர் தீயைப் பார்க்க ட்ரோனை அனுப்பினார். அது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போய் அவர் கண்ணிலிருந்து மறைந்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த தீயணைப்பு விமானத்தின் இறக்கையில் மோதி, மூன்று அங்குலத்துக்கு ஆறு அங்குலம் ஓட்டை போட்டது. ஊர் எரிந்துகொண்டிருந்தபோது அந்த விமானம் தரையில் நிற்க வேண்டியதாயிற்று. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வைத்துப் பறக்கவிடு என்பதை எல்லாப் பயிற்சியிலும் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 15,000 ட்ரோன்கள் வழங்க மத்திய அரசு 1,261 கோடி ரூபாய் ஒதுக்கியது. வயலுக்கு மருந்து தெளிக்கும் வேலை பெண்கள் கைக்கு வருவதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் விழுந்த ட்ரோன்களை ஆராயவும் இதில் சிறு பங்காவது வேண்டும் என்பது என் வாதம். விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படி வரும் அறிக்கைகளைப் படித்து, எது மாடிக் கம்பி, எது பேட்டரி, எது காற்று என்று பிரித்துத் தமிழில் வெளியிட்டால், ஊர்தோறும் இருக்கும் படக்காரர்களுக்கு அது பாடப்புத்தகமாகும். காந்த ஆராய்ச்சிக்கும் பணம் வேண்டும். நிலக்காந்தத்தின் நடுக்கோடு, அதாவது காந்தமுள் மேலும் கீழும் சாயாமல் படுக்கையாக நிற்கும் கோடு, தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டித்தான் ஓடுகிறது. கேரளத்தின் தும்பாவில் 1963இல் ராக்கெட் தளம் அமைந்ததற்கு அதுவே காரணம். திருநெல்வேலியில் இந்திய நிலக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. காந்தத்தை நாள்தோறும் அளக்கும் பொறுமையான ஆராய்ச்சிக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை, பணமும் தாராளமாகக் கிடைப்பதில்லை. இரண்டும் கிடைக்க வேண்டும்.

கும்பகோணம் நண்பருக்கு: விசிறிகளை மாற்றியதும் நேரே முகூர்த்தத்துக்குப் போய்விடாதீர்கள். சான்றிதழும் பதிவும் கைக்கு வரட்டும். பிறகு ஒரு நாள் காலையில் அறுவடை முடிந்த வயலுக்குப் போங்கள். பைக்கையும் சாவிக்கொத்தையும் கைபேசியையும் வரப்பில் விட்டுவிட்டு, பத்தடி உள்ளே நடந்து, அங்கே நின்று திசைகாட்டியைப் புதிதாகச் சரிப்படுத்துங்கள். இரும்பு காப்பு போட்டிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.