காலனியம்: குடியேறியது யார், ஆண்டது யார்?

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் ஒருவருக்குக் காலனி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரயில்வே காலனி மாதிரியான ஒரு குடியிருப்புதான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதே சொல் ஒடுக்கப்பட்ட மக்களை ஒதுக்கி வைத்த பகுதியையும் குறித்தது. அந்த வடுவினால்தான் 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்கப்போவதாகத் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சிங்கப்பூரில் பள்ளி முடித்தவருக்கோ காலனி என்றால் பிரிட்டிஷ் ஆட்சி, அவ்வளவுதான். இப்படியிருக்க, ஆங்கிலத்தின் ‘கலோனியலிசம்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது?

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘கோலெரெ’ என்றால் நிலத்தை உழுது பண்படுத்துவது. உழுபவன் ‘கொலோனுஸ்’. அவர்கள் போய் அமர்ந்த புது ஊர் ‘கொலோனியா’. படையிலிருந்து ஓய்வு பெற்ற வீரர்களுக்கு வென்ற நாட்டில் நிலம் கொடுத்து ரோமானியர் அமைத்த ஊர்களுக்கு இந்தப் பெயர் இருந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரம் இன்றும் அதைச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் பண்பாட்டைக் குறிக்கும் ‘கல்ச்சர்’ என்ற சொல்லுக்கும் இதுவே வேர். பண்படுத்துதலும் பண்பாடும் தமிழிலும் ஒட்டியே நிற்பது ஒரு சுவையான ஒற்றுமை.

ஆக, வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் ‘குடியேற்றம்’ அழகான மொழிபெயர்ப்பு. இலங்கைத் தமிழ் எழுத்தில் ‘குடியேற்றவாதம்’, ‘குடியேற்ற நாடு’ ஆகியவை நன்றாக வேரூன்றியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவைப் பற்றி எழுதும்போது இவை கச்சிதமாகப் பொருந்தும். அங்கே வெள்ளையர் கூட்டம் கூட்டமாக வந்து, பூர்வகுடிகளின் நிலத்தைப் பிடுங்கி, அங்கேயே தங்கிவிட்டார்கள்.

சிங்கப்பூருக்கு இது பொருந்துமா? எனக்குத் தெரிந்து இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் இங்கே மூன்று முறை வந்தார். மூன்றையும் கூட்டினால்கூட ஓராண்டு தேறாது. 1819 பிப்ரவரி 6 ஒப்பந்தத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது வணிக நிலையம் ஒன்றை அமைக்கும் அனுமதி. அதற்காக ஜோகூர் சுல்தான் ஹுசேனுக்கு ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய டாலர், தீவை நிர்வகித்த மலாய்த் தலைவரான தெமெங்கோங்கிற்கு 3,000. தீவு முழுமையாகக் கம்பெனியின் கைக்குப் போனது 1824இல், சிங்கப்பூரை அப்போது நிர்வகித்த பிரிட்டிஷ் அதிகாரி கிராஃபர்ட் செய்த ஒப்பந்தத்தில். அதன்பிறகும் கவர்னர்களும் அதிகாரிகளும் வந்தார்கள், ஆண்டார்கள், பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

குடியேறியவர்கள் வேறு ஆட்கள். ராஃபிள்ஸின் இரண்டாம் வருகையின்போது பினாங்கிலிருந்து கூட வந்த நாராயண பிள்ளை இங்கேயே தங்கி, செங்கல் சூளை போட்டு, 1827இல் மாரியம்மன் கோயிலுக்கு அடித்தளமிட்டார். 1825 முதல் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள் சாலை போட்டார்கள். புனித ஆண்ட்ரூ தேவாலயத்தையும், கவர்னர் மாளிகையாக எழுந்த இஸ்தானாவையும் கட்டியது அவர்கள் உழைப்புதான். தண்டனைக் காலம் முடிந்து இங்கேயே குடும்பமாகிப் போனவர்களும் உண்டு. 2019இல் ராஃபிள்ஸ் வந்த இருநூறாம் ஆண்டை ஒட்டி ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் நாராயண பிள்ளைக்கும் சிலை வைத்தார்கள். அவ்விருவரில் ‘குடியேறியவர்’ என்ற சொல் யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால் சந்தேகமே வராது. ஆனால் ‘குடியேற்றவாதி’ என்று எழுதினால் ராஃபிள்ஸைத்தானே சொல்ல வேண்டியிருக்கிறது!

சட்டப்படி பார்த்தால் கதை இன்னும் சிக்கல். 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ‘நீரிணைக் குடியேற்றங்கள்’ என்று ஒன்றாக்கப்பட்டு, நெடுங்காலம் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டன. அதாவது பிரிட்டனின் பிடியிலிருந்த ஓர் ஊர், அதே பிடியிலிருந்த இன்னோர் ஊரை ஆண்டது. 1867 ஏப்ரல் 1ஆம் தேதிதான் இவை லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போய் ‘முடியாட்சிக் காலனி’ ஆயின. ஜப்பானியர் காலம் முடிந்தபின், 1946இல் அதே ஏப்ரல் 1இல் சிங்கப்பூர் தனிக் காலனியானது. (இந்தத் தேதியை யார் தேர்ந்தெடுத்தார்களோ.) 1959இல் தன்னாட்சி வந்தபோது அந்தப் பட்டமும் போயிற்று.

ஏகாதிபத்தியம் காலனியத்துக்கு உறவு, ஆனால் வேறு சொல். ஏக ஆதிபத்தியம், ஒற்றை அதிகாரம் என்ற வடமொழிச் சேர்க்கை. ‘இம்பீரியலிசம்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலமான ‘இம்பேரியும்’ லத்தீனில் கட்டளையிடும் அதிகாரம். ஒரு நாட்டைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளாமலே ஆட்டிவைப்பதும் இதில் அடங்கும். சிங்கப்பூரை மலேசியாவோடு இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கமே உதாரணம் இருக்கிறது. பிரிட்டிஷாருடன் செய்த 1874 பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகும் மலாய் மாநிலமான பேராக்கில் சுல்தான் சுல்தானாகவே இருந்தார். ரெசிடெண்ட் எனப்பட்ட பிரிட்டிஷ் பிரதிநிதி ‘ஆலோசனை’ மட்டும் சொல்வார். மதம், மலாய் வழக்கம் தவிர மற்ற எல்லாவற்றிலும் அந்த ஆலோசனையைச் சுல்தான் கேட்டே ஆக வேண்டும். பேராக் காலனி இல்லை, ஏகாதிபத்தியத்துக்கு உட்பட்டது.

சரி, எதை எழுதுவது? ‘காலனித்துவம்’ இங்கே பரவலாக இருக்கிறது. ஆங்கிலத் தலையில் வடமொழி வால் ஒட்டியது என்று தூய தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் எழுதும் ‘காலனியம்’ அதைவிடச் சுருக்கம், ‘பின்காலனியம்’ என்று நீட்டவும் வசதி. ஆட்சியின் கொடுமையைச் சொல்ல ‘காலனியாதிக்கம்’ நல்லது. முழுத் தமிழே வேண்டுமென்றால் நான் ‘அயலாதிக்கம்’ என்பேன், ஏகாதிபத்தியத்தோடு கொஞ்சம் கலந்துவிடும் ஆபத்து இருந்தாலும். எதை எழுதினாலும் றன்னகரம் (ன) முக்கியம். ‘காலணி ஆதிக்கம்’ என்று இணையத்தில் அடிக்கடி பார்க்கிறேன். அது செருப்பின் ஆட்சி.

‘குடியேற்ற’ என்று தொடங்கும் சொற்களைச் சிங்கப்பூர் விஷயங்களில் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டவர் வருகைக்கு இங்கே ‘குடிநுழைவு’ என்ற தனிச்சொல் இருந்தாலும், வந்து தங்குவதைக் குடியேறுதல் என்றே பேசுகிறோம். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஐரோப்பியப் பிடியிலிருந்து விடுபட்டதைக் ‘குடியேற்ற நீக்கம்’ என்று எழுதிப் பாருங்கள். வந்தேறிகளை வெளியேற்றுவது போல ஒலிக்கும். ‘காலனிய நீக்கம்’ என்றால் அந்தக் குழப்பமே இல்லை.