கான்ஃபிகரேஷன்: அமைப்பா, அமைவா?

இன்ஸ்டால், செட்டப், செட்டிங், கான்ஃபிக். சிங்கப்பூர்ச் சமூக மன்ற மேடைகளில் ஒலிப்பணி செய்யும் நம் தமிழ்ப் பிள்ளைகள் இந்த நான்கையும் ஒரே பொருளில்தான் புழங்குகிறார்கள். "கான்ஃபிக் பண்ணியாச்சா?" என்றால் கம்பியைச் செருகியாச்சா என்றும் பொருள், ஒலி வருகிறதா என்றும் பொருள். டான்டே போன்ற ஒலி வலையமைப்பைக் கையாளும்போது இந்தக் குழப்பம் வேலையைக் கெடுக்கும்.

கான்ஃபிகரேஷன் லத்தீன் வழி வந்த சொல். 'கான்' என்றால் கூட, சேர்ந்து. 'ஃபிகுரா' என்றால் உருவம். களிமண்ணைப் பிசைந்து உருவாக்குவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே, கோள்கள் ஒன்றுக்கொன்று எந்த நிலையில் நிற்கின்றன என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் இது பயன்பட்டது. நம் சோதிடர்கள் 'கிரக அமைப்பு' என்பார்களே, அதேதான். ஆக, ஒரு பொருளின் தனி நிலையைவிட, பல பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் நிலையே இதன் கரு.

டான்டேயில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சிட்னியில் தொடங்கிய ஆடினேட் நிறுவனத்தின் தொழில்நுட்பம் இது. கணினிகளை இணைக்கும் சாதாரண ஈத்தர்நெட் கம்பியில் பல தடங்களின் (சேனல்களின்) ஒலியைக் கொண்டுபோகும். டான்டே கன்ட்ரோலர் மென்பொருளைத் திறந்தால் ஒரு கட்டம் தெரியும். மேலே அனுப்பும் கருவிகள், இடப்பக்கம் பெறும் கருவிகள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தைச் சொடுக்கினால் பச்சை நிறச் சரிக்குறி வரவேண்டும். ஒலியை ஒரு கருவி நொடிக்கு 48,000 மாதிரிகளாகவும் (சாம்பிள்) மற்றது 44,100 ஆகவும் அளந்தெடுத்தால் அந்தக் குறி வராது. இரண்டுமே தனித்தனியே பழுதில்லாதவை, சேர்ந்துதான் பொருந்தவில்லை. கடிகாரமும் அப்படித்தான். கருவிகள் தங்களுக்குள் ஒன்றைத் தலைமைக் கடிகாரமாகத் தேர்ந்துகொள்ள, மற்றவை அதன் நேரத்தைப் பின்பற்றும்.

பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒலியைப் பெறும் கருவி, 'இந்தப் பெயருள்ள கருவியின் இந்தத் தடம்' என்றே நினைவில் வைத்திருக்கும். பெயரை மாற்றினால் இணைப்பு அறுந்துபோகும். மேடையில் ஒலிவாங்கிகளைச் செருகும் மேடைப் பெட்டி பழுதானால், அதைக் கழற்றிவிட்டு, அதே வகைப் பெட்டிக்குப் பழைய பெயரையும் அதே அமைவையும் கொடுத்தால், ஒலி தானாகத் திரும்பிவிடும். கருவிப் பெயர் 31 எழுத்துக்கு மிகக் கூடாது. ரோமன் எழுத்து, எண், இடைக்கோடு மட்டுமே செல்லும். 'மேடை' என்று பெயர் வைக்க விரும்பினாலும் ரோமன் எழுத்தில்தான் தட்ட வேண்டும். இது எனக்கு வருத்தம்தான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செட்டிங்ஸ் என்பதற்கு 'அமைப்புகள்' என்று இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரில் 'தமிழ் அமைப்புகள்' என்றால் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு நிகழ்ச்சி நடத்தும் சங்கங்கள் என்றே காதில் விழும். கணினித் தமிழில் 'உள்ளமைவு' என்ற சொல்லும் உண்டு. ஒரு கருவியின் உள்ளே இருப்பதற்கு அது நன்றாகப் பொருந்தும். வலையமைப்பு முழுவதற்கும் 'உள்' என்பது சுருக்கிவிடுகிறது.

நான் 'அமைவு' என்றே எழுதுகிறேன். அமைத்தல் தருவது அமைப்பு, அமைதல் தருவது அமைவு; இணைப்பு, இணைவு போல. ஒன்றோடொன்று இசைந்து அமைந்த நிலையை 'அமைவு' கூட்டுச்சொல் எதுவும் இல்லாமலே சொல்லிவிடுகிறது. வினைக்கு 'அமைவு செய்தல்' போதும். செட்டிங்கை 'அமைப்பு' என்றே விட்டுவிடலாம், இன்ஸ்டால் 'நிறுவுதல்', செட்டப் 'பொருத்துதல்'. அப்புறம், நிகழ்ச்சி முடிந்ததும் கன்ட்ரோலரில் சேமித்து வைக்கிறோமே, அந்த ப்ரீசெட் கோப்பு 'அமைவுக் கோப்பு'. அடுத்த ஆண்டு அதே அரங்கு கிடைத்தால் முதலில் தேடவேண்டியது அதைத்தான்.