ஈர நெல் ஏன் சுடுகிறது?

ஐப்பசி மழையில் திருவாரூர், மன்னார்குடி பக்கம் கொள்முதல் நிலைய வாசலில் அம்பாரமாகக் கிடக்கும் குறுவை நெல்லுக்குள் கையை விட்டால் சுடும். ஊரே குளிர்ந்து கிடக்கும்போதும் சுடும்.

அந்தச் சூடு ஆடி, ஆவணியில் வயலில் விழுந்த வெயில். அந்த வெயிலில் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விட்டது. பயிர் பிடித்து வைத்தது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். அதிலும் ஒரு பகுதி வைக்கோலுக்கும் வேருக்கும் போனது போக மீதிதான் மணிக்குள் மாவுச்சத்தாகச் சேர்ந்தது. ஆற்றல் அழியாது, உருமாறும் என்பது வெப்ப இயக்கவியலின் முதல் விதி. ஆவணி வெயில் ஐப்பசியில் கையைச் சுடுவது அதனால்தான்.

நெல் உயிருள்ள விதை. ஈரம் பட்டால் வேகமாக மூச்சு விடும், பூஞ்சையும் கூடவே வளரும். மாவுச்சத்து குளுக்கோஸாகி, ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவும் தண்ணீருமாக மாறும். ஒரு கிராம் குளுக்கோஸ் இப்படி முழுதாக மாறினால் சுமார் 15.6 கிலோஜூல் வெளிவரும். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 3.7 டிகிரி செல்சியஸ் உயர்த்த அது போதும். அதோடு 0.6 கிராம் புதுத் தண்ணீரும் பிறக்கிறது. ஈரம் கூடினால் மூச்சும் கூடும், சூடும் கூடும், மறுபடி ஈரம். கெடுதல் இந்தச் சுழலில்தான் இருக்கிறது.

சரி, அந்தச் சூடு வெளியேற வேண்டாமா? சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் வெப்பம் தானாகப் பாயும் என்று 1850-ல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் சொன்னது இரண்டாம் விதி. ஆனால் எவ்வளவு வேகமாகப் பாயும் என்று விதி சொல்வதில்லை. உமியும் இடையில் சிக்கிய காற்றும் வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேலே தார்ப்பாயும் போட்டால் சூடு உள்ளேயே தங்கும். கிளறி விட்டால் சூடு போகும். ஆனால் போன சூடு தானாகத் திரும்பி மாவுச்சத்தாகாது. எடை குறைந்தது குறைந்ததுதான்.

கொள்முதலுக்கு 17 சதவீத ஈரப்பத வரம்பு வைத்ததில் அறிவியல் இருக்கிறது. அடைமழையில் அதை விவசாயியே எட்டட்டும் என்று விடுவதில் நியாயம் இல்லை. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17-க்குக் கொண்டுவர 6 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். துளி வெப்பம் வீணாகாவிட்டாலும் அதற்கு 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் தேவை. வெயில் தராத நாளில் அதை உலர்த்தும் இயந்திரம்தான் தர முடியும்; அது நிலையத்திலேயே இருக்க வேண்டும்.