துணை நடிகரா, குணச்சித்திர நடிகரா?

போன வாரம் டீக்கடை டிவியில் அடியில் ஓடிய வரி: ‘பிரபல துணை நடிகர் மருத்துவமனையில் அனுமதி’. பெஞ்சில் இருந்த பெரியவர் கேட்டார்: “யாருப்பா, கூட்டத்துல நிக்கிறவரா?”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கோடம்பாக்கத்தில் துணை நடிகர் என்றால் பந்தியில் உட்காருபவர், கோர்ட் காட்சியில் பின்வரிசையில் இருப்பவர், ஏஜென்ட் சொன்ன நேரத்துக்கு வந்து நாள் சம்பளம் வாங்கிப் போகிறவர். முன்பு ‘எக்ஸ்ட்ரா’ என்று அழைக்கப்பட்டவர். மருத்துவமனைக்குப் போனவரோ முப்பது வருடமாக அப்பா, மாமா, இன்ஸ்பெக்டர் என்று வசனம் பேசி நடிப்பவர்.

ஷூட்டிங்கில் ‘கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்’ என்கிறார்களே, அதற்குக் குணச்சித்திர நடிகர் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. குணம், சித்திரம் இரண்டும் வடசொல். கேரக்டரின் கிரேக்க மூலத்துக்குச் செதுக்கிய முத்திரை என்று பொருள்; சித்திரம் அதற்கு ரொம்ப தூரமில்லை. வடசொல் ஆகாது என்று தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘பண்போவிய நடிகர்’ என்கிறார். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஓவியக் கண்காட்சிக்கு வழி கேட்பது போல் இருக்கும். ஒரு மொழிபெயர்ப்பில் ‘பாத்திர நடிகர்’ என்றே பார்த்தேன். எவர்சில்வர் கடைதான் ஞாபகம் வந்தது.

இவற்றையாவது சிரித்துவிட்டு விடலாம். தொல்லை ‘துணை’யில்தான். தேசிய விருது அறிவித்தாலே ‘சிறந்த துணை நடிகர்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘நம்மவர்’ படத்துக்காக நாகேஷ் வாங்கியதும், ‘பார்க்கிங்’ படத்துக்காக எம்.எஸ். பாஸ்கர் வாங்கியதும் அந்த விருதே. நாகேஷ் துணை நடிகராம்! 1936-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து ஆஸ்கரில் இந்தப் பிரிவு இருக்கிறது. அங்கே விருதின் பெயரே ‘துணைப் பாத்திரத்தில் நடித்தவர்’ என்று வரும். பாத்திரத்துக்கு இருந்த அடைமொழியைப் பிடுங்கி ஆளின் தலையில் ஒட்டியது நம் மொழிபெயர்ப்பாளரின் கைங்கரியம். இத்தனைக்கும் தமிழக அரசு விருதில் ‘சிறந்த குணச்சித்திர நடிகர்’ என்றுதான் இருக்கிறது. அதை எட்டிப் பார்க்கக்கூடவா நேரமில்லை?

குணச்சித்திரத்தையும் ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்றால் அதுவும் கிடையாது. குணம் என்றதும் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டு, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைக்கும் அப்பாவுக்கு மட்டும் கொடுத்துவிட்டோம். டெல்லி கணேஷை எடுத்துக்கொள்ளுங்கள். விமானப்படையில் வேலை, அப்புறம் டெல்லி நாடக மேடை, பிறகு கே. பாலசந்தர் வழியாக சினிமா, 400 படங்களுக்கு மேல். 1989-இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ வில்லன்களில் ஒருவர். அடுத்த வருடமே ‘மைக்கேல் மதன காம ராஜ’னில் பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையல்காரர். இரண்டுமே குணச்சித்திரம்தான். வில்லனுக்கும் குணம் உண்டு, கெட்ட குணம்.

விருதுச் செய்தியில் ‘துணைப் பாத்திரத்தில் சிறந்த நடிகர்’ என்று எழுதலாம். ஆளைச் சொல்லும்போது ‘குணச்சித்திர நடிகர்’. தலைப்பில் இடம் போதாது என்பார்கள். ‘பரபரப்பு’, ‘அதிர்ச்சி’, ‘வைரல்’ மூன்றுக்கும் அதே தலைப்பில் இடம் இருக்கிறது.