கிளி நாக்கில் வயம்பு தேய்க்காதீர்கள்

மாசி, பங்குனி வந்தாலே கிளிக்குஞ்சுகளும் வந்துவிடும். போன செவ்வாய்க்கிழமை மாலை, குமரி மாவட்டத்தின் விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மச்சி பேரனுடன் என் கால்நடை மருத்துவமனைக்கு வந்தார். பையன் கையில் பிளாஸ்டிக் வாளி, அதற்குள் பழைய துண்டில் சுற்றிய இரண்டு குஞ்சுகள். பாதி இறகு முளைத்திருந்தது. ஐந்து வாரம் இருக்கலாம். சின்னக் குஞ்சின் அலகைத் திறந்து பார்த்தேன். நாக்கு வீங்கி, மேல்தோல் உரிந்து, கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது.

“மக்களே, வயம்பும் பொன்னும் உரைத்துத் தேய்த்தோம். அப்போதுதானே நாக்குத் திருந்திப் பேசும்?” என்றார் அம்மச்சி. வயம்பு என்றால் வசம்பு. பிள்ளைக்குச் செய்வதைப் போல அன்போடுதான் செய்திருக்கிறார். நாக்கு வலித்ததால் குஞ்சு இரண்டு நாளாக எதையும் விழுங்கவில்லை. மறுநாள் விடியும் முன்பே இறந்துவிட்டது. இந்தப் பருவத்தில் நான் பார்க்கும் நான்காவது புண்பட்ட நாக்கு இது. அதனால்தான் எழுதுகிறேன்.

கிளியின் குரல் நாக்கில் பிறப்பதில்லை. நமக்குக் குரல்வளை தொண்டையில், மூச்சுக்குழாயின் மேல்முனையில் இருக்கிறது. பறவைக்கு ஒலி எழுப்பும் உறுப்பு நெஞ்சுக்குள், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குப் போகும் இடத்தில் இருக்கிறது. நீங்கள் வாயில் எதைத் தேய்த்தாலும் அது அங்கே போய்ச் சேராது. கிளியின் நாக்குக்குப் பேச்சில் ஒரு வேலை உண்டு. நெஞ்சிலிருந்து எழும் ஒலியை, நாக்கை முன்னும் பின்னும் நகர்த்தி அது மாற்றிக்கொள்கிறது. அதற்குத் தடித்த, சதைப்பற்றுள்ள, நலமான நாக்கு வேண்டும். தோலை உரித்தால் பேச்சு தெளியாது. இருக்கும் தெளிவும் போய்விடும். அதைவிட முக்கியமானது, அந்த நாக்குதான் கிளிக்கு விரல். நெல்லை அலகுக்குள் உருட்டி, உமியைத் தள்ளி, அரிசியை உள்ளே இழுப்பது நாக்குதான். அது புண்ணானால் கிளி பட்டினி கிடக்கும். வயம்பு, தேன், மோதிரம், பிளேடு, எதுவும் வேண்டாம். தயவுசெய்து கிளியின் வாய்க்குள் கை வைக்காதீர்கள்.

இதே வரிசையில் இன்னும் இரண்டு. பழுத்த மிளகாய் கொடுத்தால் பேச்சு வரும் என்கிறார்கள். நம் வாயை எரிக்கும் காரத்தைப் பறவைகள் உணர்வதில்லை. கிளி மிளகாயைப் பழம்போலத் தின்கிறது, அவ்வளவுதான். அதில் வைட்டமின் ஏ கிடைப்பது நல்லது, பேச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடுத்தது, ஆண் கிளிதான் பேசும் என்பது. பெண்ணும் பேசும். நாம் அதிகம் பார்க்கும் பச்சைக்கிளியான செந்தார்ப் பைங்கிளியின் கழுத்து வளையம் ஆணுக்கு மட்டுமே தெளிவாக வரும், அதுவும் இரண்டு, மூன்று வயதை ஒட்டித்தான். ஆகவே குஞ்சைக் காட்டி “இது ஆண்” என்று விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள்.

பிறகு எப்படித்தான் பேசுகிறது? கேட்டுக் கற்கிறது. கேட்ட ஒலியைக் கற்றுத் திருப்பிச் சொல்லும் திறன் சில பறவைப் பிரிவுகளுக்கே உண்டு. கிளிகள் அவற்றில் முதல் வரிசை. காட்டில் அது தன் கூட்டத்தின் குரலைக் கற்று, அந்தக் குரலில் கூட்டத்தை அழைக்கும். கூண்டில் கூட்டம் இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள். ஆகவே உங்களைத் தன் கூட்டமாக எண்ணி, உங்கள் சொல்லிலேயே உங்களைக் கூப்பிடுகிறது. நீங்கள் அறையை விட்டு வெளியே போனதும் அது பெயர் சொல்லிக் கத்துவது அதனால்தான்.

இந்தப் பேச்சின் மேல் நமக்குள்ள ஆசை இன்று நேற்று வந்ததல்ல. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண்கள் கிளியை ஓட்டவும் செய்தார்கள், அதனோடு மனம்விட்டுப் பேசவும் செய்தார்கள். பிற்காலப் புலவர்கள் கிளியையே தூது அனுப்பினார்கள். மதுரை மீனாட்சியின் கையில் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கோ தினமும் புதுக் கிளி. உடலுக்கு மரவல்லி இலை, மூக்குக்கு மாதுளம்பூ என்று இலையும் பூவும் கொண்டு செய்கிறார்கள். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ஆடி மாதம் மலையாள இராமாயணத்தைக் கிளிப்பாட்டாகப் பாடி வளர்ந்த வீடுகள் பல. அதில் கதையைச் சொல்வதே கிளிதான். அந்த வீடுகளில் கிளிக்குச் செல்லப் பெயர் தத்தம்மை. பழந்தமிழின் தத்தை உங்களுக்கு நினைவு வரும்.

இவ்வளவு நேசமுள்ள வீட்டில்தான் குஞ்சுக்குப் பால்சோறு ஊட்டுகிறார்கள். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைக்குக் கிடையாது. சோற்றில் போதிய சுண்ணாம்புச்சத்து இல்லை. வாளிக்குள் வெயிலும் இல்லை. மூன்றே வாரத்தில் கால் எலும்பு வளைகிறது, குஞ்சு நிற்க முடியாமல் தவழ்கிறது. “கால் பிடித்துக்கொண்டது, ஊசி போடுங்கள்” என்று கொண்டுவருகிறார்கள். வளைந்து முற்றிய எலும்பை நிமிர்த்த என்னிடம் ஊசி இல்லை.

இன்னொன்றையும் கண்டிப்பாகவே சொல்கிறேன். செந்தார்ப் பைங்கிளியோ, பெரிய பச்சைக்கிளியோ, கீரிப்பாறைக் காட்டில் பறக்கும் நீலச்சிறகுக் கிளியோ, நம் நாட்டுக் கிளி எதையும் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. நீலச்சிறகுக் கிளி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

இதைக் கேட்டுப் பயந்து, பத்து வருடம் வீட்டில் வளர்ந்த கிளியை இரவோடு இரவாகத் தேரூர் வயலில் விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். அது விடுதலை ஆகாது. அந்தக் கிளிக்கு இரை தேடத் தெரியாது, பருந்துக்கு ஒளியத் தெரியாது, வெட்டிய சிறகில் உயரப் பறக்கவும் முடியாது. காக்கைகள் கொத்தியே கொன்றுவிடும். நாகர்கோவிலில் மாவட்ட வன அலுவலகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் ஒப்படையுங்கள்.

வெளிநாட்டுப் பறவைகளை வளர்ப்பவர்களுக்கும் கொஞ்சம். சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். கீரை, முருங்கை இலை, பப்பாளி, கேரட் கொடுங்கள். பட்டர் ஃப்ரூட் என்று கடைகளில் விற்கும் வெண்ணெய்ப்பழம் பறவைக்கு நஞ்சு, ஒரு துண்டுகூடக் கூடாது. சாக்லேட், காபி, உப்புப் பண்டம் வேண்டாம். சமையலறையில் கூண்டை வைக்கவே வைக்காதீர்கள். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை, நமக்கு மணம்கூடத் தெரியாத நேரத்தில், சில நிமிடங்களிலேயே பறவையைக் கொன்றுவிடும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கிப் புழுதி கிளப்பாமல், நனைத்துத் துடையுங்கள். அதன் வழியே மனிதருக்கு நுரையீரல் காய்ச்சல் வரலாம். வீட்டில் பறவை இருந்து, உங்களுக்கு விடாத காய்ச்சலும் இருமலும் வந்தால், பறவை இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பறவை நோயை மறைக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்துவிட்டால் ஏற்கெனவே நேரமாகிவிட்டது என்று பொருள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மண்டை போன தென்னையில் மரங்கொத்தி குடைந்த பொந்துதான் கிளிக்கு வீடு. ரப்பர் வந்தபின் பழைய மரங்கள் குறைந்துவிட்டன. அந்த மொட்டை மரத்தை விட்டால் அவற்றுக்குப் போக்கிடம் குறைவு. வெட்டத்தான் வேண்டுமென்றால் குஞ்சு பறக்கும்வரை, வைகாசிவரை, பொறுங்கள். குஞ்சு கீழே விழுந்திருந்தால் பொந்தில் திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. பொந்து எட்டவில்லை என்றால் ஓலைக்கூடையில் வைத்து அதே மரத்தில் கட்டுங்கள். தாய் வந்து ஊட்டும்.

அம்மச்சியோடு வந்த பெரிய குஞ்சு பிழைத்தது. நாக்கில் ஒருநாள்தான் தேய்த்திருந்தார்கள். அதை வனத்துறையிடம் சேர்த்தாயிற்று. பொந்தில் இன்னும் ஒரு குஞ்சு இருக்கிறது என்று பையன் சொன்னான். மரம் வெட்ட ஆள் வந்தபோது, தாத்தாவிடம் அழுது, அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறானாம்.