ஐந்து நிமிடத்தில் முகத்தை மாற்றும் வேலை

ஒரு அறையில் வயதான நாய். இனி அதற்கு வலி மட்டும்தான் மிச்சம் என்பதால் வளர்த்தவர்கள் கருணைக்கொலைக்குச் சம்மதித்திருக்கிறார்கள். கால்நடை மருத்துவர் தரையில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கடைசி நிமிடங்களைப் பார்த்துக்கொள்கிறார், ஸ்டெதாஸ்கோப் வைத்துத் துடிப்பு நின்றதை உறுதிசெய்கிறார், அழுபவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கை கழுவுகிறார். அடுத்த அறையில் முதல் தடுப்பூசிக்கு வந்த குட்டி, அதைவிடத் துள்ளும் இரண்டு குழந்தைகள். கதவைத் திறக்கும்போது அவர் சிரித்தாக வேண்டும்.

இந்தத் தொழிலில் தற்கொலை அதிகம் என்பது வெறும் பேச்சு இல்லை. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் அலசி, 2019-ல் வெளியிட்டார்கள். மொத்த மரணங்களில் தற்கொலையின் பங்கு, பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஆண் மருத்துவர்களிடம் 2.1 மடங்கு, பெண் மருத்துவர்களிடம் 3.5 மடங்கு.

மென்மையான மனசு, தாங்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. குணமாக்கிவிடலாம் என்று தெரியும், ஆனால் வளர்ப்பவரிடம் பணமில்லை, அதனால் அந்த உயிரை முடித்துவைக்க வேண்டிவருகிறது. சரியானது எதுவென்று தெரிந்தும் செய்ய வழியில்லாத இந்த நிலை திரும்பத் திரும்ப வந்தால் எந்த மனசும் நொறுங்கும். அதோடு நீண்ட வேலை நேரம், படிப்புக் கடன், "காசுக்காகத்தான் பார்க்கிறீர்கள்" என்று இணையத்தில் வரும் வசை. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை, இவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன.

சரி, தடுப்பது எப்படி வேலை செய்கிறது? அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது, ஏறும், பிறகு இறங்கும். அந்த இடைவெளியில் ஆபத்தானது கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பும் வாய்ப்பு கூடுகிறது. மருந்து அலமாரியை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது, இரண்டு பேர் வேண்டும் என்று விதி வைப்பது இதற்காகத்தான்; யார்மீதும் சந்தேகப்பட்டு அல்ல.

அப்புறம், கேட்பது. "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, சொல்ல முடியாமல் தவித்தவருக்கு வாய் திறக்க இடம் கிடைக்கிறது. ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே மனநல மருத்துவரிடமோ உதவி எண்ணிடமோ சேர்க்க வேண்டும். பிரிட்டனில் கால்நடை மருத்துவத் துறையினருக்கென்றே 24 மணி நேரமும் பேச வெட்லைஃப் என்ற அமைப்பு இருக்கிறது. இதைப் படிக்கிற உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே, நம்பும் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து போனபின் தொடர் சிகிச்சை வேண்டாம் என்றவர்களில் ஒரு பகுதியினருக்குச் சின்னச் சின்னக் கடிதங்கள் அனுப்பினார். அறிவுரை இல்லை, எந்தக் கேள்வியும் இல்லை, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம் என்ற அளவில் சில வரிகள், பதில் போடத் தோன்றினால் போட முகவரி எழுதிய உறை. கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலைகள் குறைவாக இருந்தன. கிளினிக்கில் இதைச் செய்ய ஒரு போன் போதும்: "இன்னைக்கு அந்த அறையில நடந்தது லேசுப்பட்டதில்ல. வீடு சேர்ந்துட்டீங்களா?"